பொருத்துதலும் படைத்தலும்

உடலை ஓரிடத்திலும் கழுத்தை வேறோரிடத்திலும் வாங்கி, காந்தச் சுருளையும் தந்திகளையும் தேடிச் சேர்த்து, ஒருவன் தன் விருப்பப்படி மின் கிற்றார் ஒன்றை அமைத்துக்கொள்கிறான். அவன் அதனைப் படைத்தவனா, பொருத்தியவன் மாத்திரமா? இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. படைப்பாளி என்னும் மதிப்பை எவருக்கு வழங்குகிறோம், எவருக்கு மறுக்கிறோம் என்பது இவ்வினாவில் அடங்கியுள்ளது.

மின் கிற்றாரின் வரலாறே பெரிதும் பொருத்துதலின் வரலாறுதான். அமெரிக்கரான லெஸ் போல் 1940ஆம் ஆண்டளவில் ஒரு மரக்கட்டையை நடுவே வைத்து, வேறொரு கிற்றாரை அறுத்து, அதன் பாதிகளை இருபுறமும் இணைத்தார். 1950இல் லியோ பெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிற்றாரிலோ கழுத்து ஒட்டப்படாமல் திருகாணிகளால் பூட்டப்பட்டது. கழற்றி மாற்ற இயன்றமையால், பாகங்களை வாங்கிச் சேர்க்கும் வழக்கம் பின்னாளில் உலகெங்கும் பரவிற்று. காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செப்புக்கம்பி. அதன் மேலே உருக்குத் தந்தி அதிர மின்னோட்டம் பிறக்கிறது. சுருளைத் தந்திக்கு எவ்வளவு அண்மையில் வைப்பது என்பதை இறுதியிலே செவிதான் தீர்மானிக்கிறது. அச்செவியை உடையவனைப் படைப்பாளி என அழைப்பதில் எவர்க்கும் தடையிராது.

இதே அளவுகோலை நம் மலையகத்து வாத்தியம் ஒன்றின்மீது வைத்துப் பார்ப்போம். பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே மாசி மாதத்துக் காமன் கூத்தைத் தப்பின்றி எண்ணிப் பார்க்க இயலாது. மரவளையம், அதன்மேல் இழுத்து ஒட்டிய தோல், இரண்டு குச்சிகள்: தப்பு அவ்வளவே. தோலின் மயிர் களைவதும், அதனை வளையத்தில் இழுத்துக் காயவைப்பதும் மரபிலே கைவேலைகள். மலைப்பனியில் ஈரமேறினால் தோல் தளர்ந்துவிடும். தீயில் வாட்டியே சுருதியை ஏற்ற வேண்டும். வாட்டம் சற்று மிஞ்சினால் தோல் கெட்டுவிடும். இங்கும் தீர்ப்பு வழங்குவது செவியே.

ஆயினும் தப்பைச் செய்தவனை நம் சமூகம் படைப்பாளி என அழைத்ததில்லை. தோலைத் தொட்டவன் எனச் சாதியின் பெயரால் ஒதுக்கியது. முற்காலத்தில் விடியற்பொழுதிலே தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும் தப்பு. சாவு வீட்டில் முழங்கியதும் அதுவே. கூத்துக் களத்தில் ஆடுவோரின் கால்களை நடத்தியதும் அதுவே. அதன் ஒலி அனைவர்க்கும் வேண்டியிருந்தது. செய்தவனின் அண்மைதான் வேண்டப்படவில்லை.

கிற்றாரில் விஞ்ஞானம் உண்டு, தப்பிலோ பழக்கம் மாத்திரமே என ஒருவர் மறுக்கலாம். ஆனால் ஆயத்தச் சுருளைக் கடையில் வாங்கித் திருகுபவன் மின்காந்தத் தத்துவத்தை ஓதியவனாய் இருக்க வேண்டியதில்லையே! உருக்கைத் தொட்டவனுக்குப் பாராட்டும் தோலைத் தொட்டவனுக்குத் தீட்டும் விதிக்கும் தீர்ப்பு, திறமையை அளந்து வழங்கப்பட்டதன்று.

இன்று தப்பு மேடைகளிலும் ஒலிக்கிறது. உலோக வளையத்தில் செயற்கைத் தோலை ஆணிகளால் முறுக்கிய பறைகளும் வந்துள்ளன. அவற்றுக்குத் தீ வேண்டுவதில்லை, மழையிலும் தளர்வதில்லை. கிற்றாரைப் போலவே அவற்றையும் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டலாம். முன்னர் தப்பைத் தொடத் தயங்கிய வீட்டுப் பிள்ளைகள் இவற்றை ஏந்துவது நல்லதே. எனினும் அவர்கள் கூச்சமின்றி ஏந்துவது தப்பையா, தோல் நீங்கிய ஒன்றையா என்பதை இன்னும் எவரும் அவர்களிடம் வினவவில்லை.