எனது என்று எதுவும் இல்லாத கோட்டை

நெதர்லாந்தின் வடக்கே, ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில், கடல் வெள்ளத்துக்குப் பயந்து முன்னோர்கள் மண் கொட்டி உயர்த்திய மேட்டில் இருக்கிறது வியுவெர்ட். முந்நூறு பேர்கூட இல்லாத ஊர். வெளியூர்க்காரர்கள் வந்தால் நேரே தேவாலயத்துக்குத்தான் போவார்கள். 1765-இல் அதன் நிலவறைக்குள் இறங்கிய வேலையாட்கள் பதினோரு சடலங்களைப் பார்த்தார்கள். எதுவும் அழுகவில்லை, எல்லாம் காய்ந்து உலர்ந்திருந்தன. அவற்றில் நான்கு இன்றும் இருக்கின்றன. ஏன் அழுகவில்லை என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை. சோதிப்பதற்காகச் செத்த பறவைகளை அங்கே தொங்கவிட்டார்கள். அவையும் காய்ந்துதான் போயின.

1866-இல் இதே ஊர் மண்ணில் ஒரு பொன் புதையலும் அகப்பட்டது. இப்போது அது லைடன் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் புதைத்தவருக்கு 'இது என்னுடையது' என்பதில் சந்தேகமே இருந்திருக்காது. அந்தச் சந்தேகம் வந்தவர்கள் ஆயிரம் ஆண்டு கழித்து இங்கே வந்தார்கள். அவர்கள் குடியேறிய வால்டா கோட்டை இன்று இல்லை.

இறைவனை உண்மையாக நம்புகிறவன் எதையாவது தன்னுடையது என்று சொல்லலாமா? முதல் கிறிஸ்தவர்கள் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்ததாக விவிலியத்தின் அப்போஸ்தலருடைய நடபடிகள் சொல்கிறது. பெரும்பாலான திருச்சபைகள் அதைப் பழைய கதையாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடும். ழான் டெ லபாடீ நகரவில்லை. 1610-இல் பிரான்சில் பிறந்த அவர் முதலில் இயேசு சபைத் துறவி; பிறகு சீர்திருத்தத் திருச்சபைப் போதகர். நெதர்லாந்தின் மிடில்பர்க்கில் அந்தத் திருச்சபையோடும் மோதி விலகினார். உண்மையாக மறுபிறப்பு அடைந்தவர்கள் மட்டுமே சபை என்பது அவர் கட்சி. யார் அடைந்தவர், யார் அடையாதவர் என்று தீர்ப்பது யார்? அந்த இடத்தில்தான் எப்போதும் சிக்கல்.

அவருடைய சிறு கூட்டம் ஆம்ஸ்டர்டாம், ஹெர்ஃபோர்ட், ஆல்டோனா என்று ஊர் ஊராகத் துரத்தப்பட்டது. 1674-இல் லபாடீ இறந்தார். மறுவருடம், அவருடைய சீடர் பியேர் இவோன் தலைமையில், மிஞ்சியவர்கள் வியுவெர்ட் வந்தார்கள். வால்டா கோட்டை சோமெல்ஸ்டைக் என்ற பிரபுக் குடும்பத்தின் சொத்து. அந்த வீட்டுச் சகோதரிகள் சபையில் சேர்ந்திருந்தார்கள். சொத்தைத் துறந்தவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தது பரம்பரைச் சொத்து. இதைக் கேலியாகச் சொல்ல வேண்டியதில்லை. மடங்கள் பலவற்றின் கதையும் இதுதான்.

சேருகிறவர்கள் கையிலிருந்ததைப் பொதுவில் போட்டார்கள். நெய்தார்கள், அச்சடித்தார்கள், மருந்து செய்தார்கள். நகையும் அலங்காரமும் இல்லை. சில நூறு பேர் இருந்த அந்த வீட்டில்தான் அன்னா மரியா வான் ஸ்கூர்மன் தன் கடைசி வருடங்களைக் கழித்தார். 1636-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்ட பெண் அவர். கிரேக்கம், ஹீப்ரு, அரபு, எத்தியோப்பிய மொழி என்று கற்றுத் தேர்ந்து, அந்தப் புகழெல்லாம் வெறுமை என்று ஒதுக்கிவிட்டு வந்தவர். 1677-இல் குவேக்கர் தலைவர் வில்லியம் பென் வந்து அவரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு ஸ்கூர்மன் மறைந்தார். தத்துவவாதி ஜான் லாக் 1684-இல் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் மரியா சிபில்லா மெரியன். பூச்சிகளை வரைந்த ஓவியர். அம்மாவையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். கணவர் கிராஃபை விட்டுவிட்டு. அவர் தேடி வந்து கெஞ்சியும் பயனில்லை. நம்பாதவனோடு செய்த திருமணம் நம்பியவளைக் கட்டாது என்பது சபையின் கொள்கை. பொருள்மேல் 'எனது' போனதுபோல, மனைவிமேல் 'எனது' என்பதும் போய்விட்டது. கிராஃபின் பக்கம் நின்று பார்த்தால் இது கொடுமை. மெரியனுக்கோ, அநேகமாக, கிடைத்த ஒரே வாசல்.

கொள்கைக்கு உண்மையான சோதனை கடல் கடந்து வந்தது. சோமெல்ஸ்டைக் சகோதரிகளின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான கொர்னேலிஸ், தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரினாமின் ஆளுநர் ஆனார். சபையார் அங்கே போய் 'இறைப் பராமரிப்பு' என்று பொருள்படும் பெயரில் தோட்டம் போட்டார்கள். நோய் அவர்களை வாரிக்கொண்டு போனது. ஆளுநரை 1688-இல் அவருடைய சொந்தச் சிப்பாய்களே கொன்றார்கள். ஆனால் தோல்வியைவிட உறுத்துவது வேறொன்று. தங்களுக்குள் ஒரு கரண்டியைக்கூட 'எனது' என்று சொல்லாதவர்கள் தோட்டத்தில் அடிமைகளை வைத்து வேலை வாங்கினார்கள். வட அமெரிக்காவின் மேரிலாந்தில் அமைத்த கிளையிலும் அதே கதைதான். கரண்டியைத் துறப்பது எளிது. அது எதிர்த்துப் பேசாது, ஓடியும் போகாது.

1690களின் தொடக்கத்தில் பொதுவுடைமை வியுவெர்ட்டில் கைவிடப்பட்டது. சபை மெல்லக் கரைந்தது.

மெரியன் அதற்குள், 1691-இலேயே, மகள்களோடு ஆம்ஸ்டர்டாம் போய்விட்டார். 1699-இல் இளைய மகளுடன் சுரினாமுக்குக் கப்பலேறினார்; தன் பழைய சபையாரின் தோட்டத்துக்கும் போய் வந்தார். 1705-இல் வெளியான அவருடைய புத்தகத்தில் ஒரு செடியின் படம் இருக்கிறது. நம் ஊரில் மயில்கொன்றை என்கிறோம். அதன் விதைகளைத் தின்று அடிமைப் பெண்கள் கருவைக் கலைக்கிறார்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாது என்று. அதை அந்தப் பெண்களே தன்னிடம் சொன்னார்கள் என்று படத்துக்கான குறிப்பில் எழுதியிருக்கிறார்.