விளக்குமாறும் வெட்கமும்

உடையார்பாளையத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பட்டு நெசவாளி. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், ஒரு நாள் பிற்பகல், சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை பிறந்திராது.

கூடத்தில் இரண்டு தறிகள். ஒன்றில் அவர், மற்றொன்றில் அவர் மனைவி. தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதுதான் தாமதம், அந்த அம்மாள் குழியை விட்டு எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

"வாங்கண்ணே. வீடு கிடக்கிற கிடையைப் பாக்காதீங்க. காலையிலேருந்து ஒரு துரும்பைக் குனிஞ்சு எடுக்க நேரமில்லே" என்று சொல்லிக்கொண்டே, சிதறிக் கிடந்த இழைத் துணுக்குகளைக் காலால் ஒதுக்கினார், ஒரு தட்டை எடுத்து மறைத்தார், கொடியில் கிடந்த துணியை உருவினார். நண்பர், "வாப்பா!" என்று சிரித்தார். அவரும் காலையிலிருந்து அதே கூடத்தில்தான் இருந்தார். அவருக்கு வெட்கமாக இல்லை.

நெசவு வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டுக்கு அழுக்கு ஆகாது. நெய்து முடிந்த பகுதியை ஒரு துணியால் மூடி வைக்கிறார்கள். ஒரு சொட்டு எண்ணெய் பட்டுவிட்டால் பல நாள் உழைப்புக்குக் கேடு. ஆகவே தறியைச் சுற்றி நாலு முழம் பளிச்சென்று இருந்தது. அடுப்படியில் பாத்திரம் குவிந்திருந்தது. தறியின் சுத்தத்துக்குக் கூலி உண்டு. அடுப்படியின் சுத்தத்துக்கு இல்லை. நேரமில்லாத வீட்டில் எது முதலில் நழுவும் என்று சொல்லவும் வேண்டுமா?

எனக்கு அன்று விளங்காதது ஒன்றுதான். வீடு இருவருடையது, வேலையும் இருவரும் செய்வது. அழுக்கு மட்டும் ஏன் அவளுடையதாயிற்று?

மற்றவரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. என் மனைவி பள்ளி ஆசிரியை. காலை எட்டரைக்குப் புறப்பட்டால் மாலை ஐந்தரைக்குத்தான் திரும்புவாள். நான் வீட்டிலேயே இருந்து எழுதுகிறவன். ஒரு நாள் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "மேஜையெல்லாம் தூசி, இதில் எப்படி எழுதுவது?" என்று கேட்டுவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்களுக்குத் தூசி கண்ணில் படுகிறது; கையில்தான் படுவதில்லை" என்றாள். பெண்களின் துன்பத்தை எழுதிப் பெயர் வாங்கியவன் நான்! அன்றிரவு ஒரு வரிகூட ஓடவில்லை.

பெரியவர்களும் இதில் இடறியிருக்கிறார்கள். டர்பனில் காந்தியடிகளின் வீட்டில் அறைக்கு அறை சிறுநீர்ச் சட்டிகள் இருந்தன. அங்கே தங்கியிருந்த குமாஸ்தாக்களில் ஒருவர், பஞ்சமர் என்று அந்நாளில் ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய சட்டியைக் கஸ்தூர்பா கண்ணீரோடு எடுத்து வந்தார். எடுத்தால் போதாது, முகமலர்ச்சியோடு எடுக்க வேண்டும் என்றார் கணவர். வார்த்தை தடித்து, மனைவியின் கையைப் பிடித்து வெளிவாசல்வரை இழுத்துச் சென்றார். இது 1898-ல் நடந்தது. மறைக்காமல் தம் சுயசரிதையில் அவரே எழுதி வைத்திருக்கிறார். 1901-ல் கல்கத்தாக் காங்கிரஸில், தொண்டர்கள் தொட மறுத்த கக்கூஸைத் துடைப்பம் வாங்கித் தாமே சுத்தம் செய்தவரும் அவர்தான். கொள்கை உயர்ந்தது, ஐயமில்லை. கஸ்தூர்பாவின் கண்ணீரில் பழைய தீண்டாமையும் கலந்திருந்தது; அதையும் நான் மறுக்கவில்லை. ஆனாலும் நம் கொள்கையைப் பிறர் கையால் நிறைவேற்றிக்கொள்ளும்போது, அந்தக் கைக்கு உரியவர் சிரிக்கவும் வேண்டும் என்று கேட்கலாமா?

2019-ல் மத்திய அரசு ஒரு கணக்கு எடுத்தது. மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 100-க்கு 81 பேர். ஆண்களில் 26 பேர். அப்படி ஈடுபட்ட பெண்ணுக்கு நாளொன்றுக்கு 299 நிமிஷம் போயிற்று, ஆணுக்கு 97. மீதி 74 ஆண்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. நானும் நெடுநாள் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்.

"ஆள் வைத்துக்கொண்டால் தீர்ந்தது" என்பார்கள். நாங்களும் வைத்துப் பார்த்தோம். காலை ஆறு மணிக்கு எங்கள் வாசலைப் பெருக்க வருகிறவள், தன் வாசலை எத்தனை மணிக்குப் பெருக்கிவிட்டு வந்தாள் என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதே உண்மை.

அன்றிரவு நண்பர் வீட்டிலேயே தங்கினேன். திண்ணையில் உட்கார்ந்து அவர் ஜமீன் காலத்துக் கதைகளைச் சொன்னார். கனம் கிருஷ்ணையர் பாடிய அரண்மனையைப் பற்றிப் பெருமையோடு சொன்னார். அந்த அரண்மனையைப் பெருக்கியவர்களைப் பற்றி அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

விடியற்காலை சரக் சரக்கென்று சத்தம் கேட்டு விழித்தேன். நண்பர் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்! குழிக்குள் இறங்கி மூலையில் இருந்த துணுக்குகளையும் வாரினார். பழகிய கை; ஒரு நாளில் வந்ததல்ல. முந்தின நாள் அவரைப் பற்றி நான் மனசுக்குள் எழுதி முடித்திருந்த தீர்ப்பை அவசரமாக அழிக்க வேண்டியதாயிற்று.

அப்போது தெருவில் பால்காரரின் மணி ஒலித்தது. நண்பர் விளக்குமாற்றைச் சட்டென்று சுவரோரம் சாய்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போனார். அடுப்படியிலிருந்து வந்த அவர் மனைவி, ஒன்றும் பேசாமல், அதை எடுத்து விட்ட இடத்திலிருந்து பெருக்கினார்.

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் எங்கள் வீட்டைப் பெருக்குகிறேன். பெருக்கத் தொடங்குமுன் தெருக்கதவைத் தாழிட்டுக்கொள்கிறேன்.