தொடுவானமும் அநேகாந்தமும்

வான்கோளத்தைச் சரிபாதியாகப் பகுக்கும் வட்டங்களைப் பெருவட்டங்கள் என்பர் வானநூலார். நிலநடுக்கோட்டிற்கு நேரே விண்ணில் அமைவது வான நடுவட்டம். ஓராண்டில் ஞாயிறு சுற்றி வருவதாகத் தோன்றும் நெறி ஞாயிற்று வீதி. ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்த இவ்விரண்டும் உலகோர் யாவர்க்கும் பொது.

தொடுவானமோ அவரவர் நிற்குமிடத்திற்கேற்ப வேறுபடும் பெருவட்டம். வடதுருவத்தில் நிற்பவர் துருவமீனைத் தலைக்கு நேரே காண்பார். நிலநடுக்கோட்டில் நிற்பவர் தொடுவானத்தருகே காண்பார். இருவர் கூற்றும் மெய்யே. எனினும், ‘யான் காணாத பாதி வானம் இல்லை’ என ஒருவர் சாதிப்பாராயின், அது பொய்யாம். அநேகாந்தம் உணர்த்துவதும் இதுவன்றோ?

பாகப்பிரிவினையில் உடன்பிறந்தாரைப் பொய்யரென்று பழிக்குமுன், அவர் நிற்குமிடத்தில் ஒருகணம் நின்று நோக்குக. சொல்லால் நேரும் இம்சை அங்கேயே ஒழியும்.