அரத்தைக் கையில் எடு!

"கடைசியில லேத் பட்டறைக்கா போகப்போறே?" கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ ஒரு பெரியவர் கேட்டிருப்பார். நீ இலையைப் பார்த்தபடி தலையைக் குனிந்திருப்பாய். எதற்குக் குனிந்தாய் தம்பி? அவர் வந்திறங்கிய வண்டியின் கிராங்க் ஷாஃப்ட், தலைக்கு மேல் சுழன்ற விசிறியின் மோட்டார், அவர் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பு எல்லாமே ஏதோ ஒரு பட்டறையில் யாரோ ஒருவர் கைபட்டு உருவானவை. ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம் பூசி, பொரிகடலை படைத்துக் கும்பிடுகிறோம். அந்த மெஷினை ஓட்டுகிற கையை மட்டும் இளக்காரமாகப் பார்க்கிறோம். இது அநியாயம். இந்த அநியாயத்துக்கு நீயும் தலையாட்டாதே!

லேத் ஓட்டுவது என்றால் என்னவென்று தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மைக்ரோமீட்டரில் படிப்பது. தலைமுடியின் பருமனே ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர்தான். தண்டில் பேரிங் உட்காரும் இடத்தில் அதைவிடச் சின்னப் பிசகு வந்தாலே ஜாப் ரிஜெக்ட் ஆகிவிடும். இறுகினால் பேரிங் சூடேறும். தளர்ந்தால் தண்டு ஆடும். இந்த நுணுக்கத்தைத் தினமும் எட்டு மணி நேரம் கட்டிக்காப்பவனை யார் குறைத்துப் பேச முடியும்?

கோவைக்காரர்களைக் கேள். கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடுவுக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து வியந்தவர், ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதை அக்கக்காகப் பிரித்து, மறுபடி பூட்டினார். அந்தக் கைதான் 1920-ல் பஸ் ஓட்டியது. 1937-ல் இந்திய மண்ணிலேயே மின்மோட்டார் செய்யக் கைகொடுத்தது.

உனக்கு அவ்வளவு அலைச்சல் தேவையில்லை. பத்தாவது தேறியிருந்தால் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் இருக்கிறது; இரண்டு வருடம். வெல்டர் ஒரே வருடம், அதற்கு எட்டாவதே போதும். தங்கையே, உனக்கும்தான் சொல்கிறேன். பெண்களுக்கென்றே தனி ஐ.டி.ஐ.களும் இருக்கின்றன. பத்தாவதுக்குப் பின் இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யிலும் அப்படியே. அப்ரன்டிஸ்களுக்கு உதவித்தொகை தரவேண்டும் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

சேர்ந்த புதிதில் கம்ப்யூட்டரையும் ரோபோவையும் தேடாதே. ஃபிட்டர் பிரிவில் உன் முன்னால் ஒரு வைஸ், ஓர் இரும்புத் துண்டு, ஓர் அரம். "ராவு" என்பார் மாஸ்டர். ராவி முடித்ததும் ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் கீற்றாக ஒளி கசிந்தால் மறுபடி ராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும், தோள் கழன்றுவிழும்போல் இருக்கும். பலர் இந்த இடத்தில்தான் ஓடிப்போகிறார்கள். நீ ஓடாதே! இரும்பு எங்கே இளகும், எங்கே முரண்டு பிடிக்கும் என்பதை உன் கை அப்போதுதான் படிக்கிறது. பின்னாளில் கம்ப்யூட்டர் இயக்கும் சி.என்.சி. மெஷின் முன்னால் நிற்கும்போது, டூல் தேய்ந்துவிட்டதைச் சத்தத்தை வைத்தே உன் காது சொல்லிவிடும்.

ஆபரேட்டராகச் சேர்ந்தபின் பட்டனை அழுத்துவதோடு நின்றுவிடாதே. ஒரு நோட்டுப் போடு. சி.என்.சி. புரோகிராமில் ஜி01 என்றால் டூல் நேர்கோட்டில் வெட்டிச் செல்கிறது, எம்03 என்றால் ஸ்பிண்டில் சுழலத் தொடங்குகிறது. தினம் இப்படி இரண்டு குறியீடு எழுதிவை. டூலின் அளவைத் திருத்தி ஆஃப்செட் போடுகிற செட்டர் பக்கத்தில் நின்று பார், கேள், திட்டினாலும் கேள். ஆபரேட்டர் செட்டராவதும், செட்டர் புரோகிராமராவதும் இந்த நோட்டிலிருந்துதான்.

கஷ்டத்தை மறைக்க மாட்டேன். ஆரம்பச் சம்பளம் சின்னது. நைட் ஷிப்ட் உடம்பை வாட்டும். ஆனால் உன் உரிமையைக் கூச்சப்படாமல் கேள்: பி.எஃப். பிடிக்கிறார்களா, இ.எஸ்.ஐ. உண்டா, வேலை நிரந்தரமா கான்ட்ராக்ட்டா? சுழலும் லேத்தருகே கையுறை போடாதே, முழுக்கைச் சட்டையைத் தொங்கவிடாதே, சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினைப் போடாதே. மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னால், யார் சொன்னாலும் முடியாது என்று சொல். உன் பத்து விரலும் உனக்கு வேண்டும்.

பந்தியில் கேட்டவருக்குப் பதில் தேடிக்கொண்டிருக்காதே. மார்க் ஷீட்டை எடுத்துக்கொள். நாளைக் காலையிலேயே பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்குப் போ, பட்டறையை ஒருமுறை காட்டச் சொல். வைஸ் முன்னால் நின்று, அந்த அரத்தைக் கையில் பிடித்துப் பார்!