நோயைச் சொல்வது பொறுமைக்கு மாறா?

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நம் வ. புதுப்பட்டியிலும், அதனைச் சூழ்ந்த வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிகளிலும் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். ஒரு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் தெருவே வந்து விசாரிக்கிறது. கஞ்சி வருகிறது, ஓதிய தண்ணீர் வருகிறது. அதே வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றோ, வலிப்பு என்றோ, மனநோய் என்றோ தெரிந்துவிட்டால் கதவு சாத்தப்படுகிறது. பக்கத்து ஊர் மருத்துவமனையில் தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சி மதுரைக்குப் பஸ் ஏறுகிறார்கள். "என்ன நோய்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, பலவீனம்" என்பதே பதில்.

இப்படி மறைப்பவர்களுள் சிலர், "ஸபூர் செய்கிறோம் ஹலரத்! அடியானிடம் முறையிடலாமா?" என்று நம்மைக் கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்வி. ஆகவே அதற்கு மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

யஃகூப் (அலை) அவர்கள் தமது துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாகச் சொன்னதை யூஸுஃப் சூராவில் ஓதுகிறோம். தமக்குத் துன்பம் தீண்டிவிட்டது என்று அய்யூப் (அலை) அவர்கள் ரப்பிடம் வாய்விட்டுச் சொன்னதை அன்பியா சூராவில் ஓதுகிறோம். அப்படிச் சொன்ன அய்யூப் (அலை) அவர்களைத்தான் அல்லாஹு தஆலா பொறுமையாளர் என்று புகழ்கிறான். வலியைச் சொன்னதால் பொறுமை போய்விடவில்லை. அல்லாஹ்வின் மீது குறை சொல்வதுதான் பொறுமைக்கு மாறு.

சரி, ரப்பிடம் சொல்லலாம், மனிதரிடம் சொல்லலாமா? ஒருநாள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலி தாங்காமல், "என் தலையே!" என்று புலம்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அன்னையை அதட்டவில்லை, பொறுமை இல்லாதவள் என்று கடியவும் இல்லை. தமக்கும் தலை வலிப்பதாகத் தம் திருவாயாலேயே சொன்னார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், தனக்கு வலிக்கிறது என்று நோயாளி சொல்லலாம் என்பதற்கென்றே தமது ஹதீஸ் தொகுப்பில் ஒரு பாடத்தை அமைத்து, இந்தச் சம்பவத்தை அதிலே கொண்டுவந்திருக்கிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள் சகோதரர்களே! தலைவலிக்காரருக்கு மருந்து சொல்வோர் பலர் உண்டு. "எனக்கும் அதே வலிதான்" என்று ஒருவர் சொல்லும்போது பிறக்கும் ஆறுதல் தனி. நோயாளிக்கு நோயாளியே துணை என்ற இந்த வழியை நம் நபி (ஸல்) அவர்கள் தமது வீட்டுக்குள்ளேயே காட்டித் தந்துவிட்டார்கள்.

இன்னொரு சம்பவம். வலிப்பு நோயுடைய ஒரு கறுப்பினப் பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, வலிப்பு வரும்போது தமது ஆடை விலகிவிடுவதைச் சொல்லி துஆக் கேட்டார்கள். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம், விரும்பினால் சுகத்துக்காக துஆ என்று அவர்களுக்கு அருளப்பட்டது. அவர்கள் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆக் கேட்டார்கள், அது கிடைத்தது. பிற்காலத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் அதா (ரஹ்) அவர்களிடம் அந்தப் பெண்மணியைச் சுவர்க்கவாசி என்றே சுட்டிக் காட்டினார்கள். பொறுமையையே தேர்ந்தெடுத்த அந்தப் பெண்மணி நோயை மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார்கள். அந்த ஊரும் "வலிப்புக்காரி" என்று ஒதுக்கவில்லை; "சுவர்க்கத்துப் பெண்" என்று காட்டியது. நம் தெருவில் ஒரு குமருக்கு வலிப்பு என்றால் நாம் என்ன பெயர் வைக்கிறோம்? ஒவ்வொரு வீடும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

இது பழைய காலத்துக் கதை மட்டுமன்று. நம் தமிழ்நாட்டிலேயே கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 1986-ஆம் ஆண்டு டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் முயற்சியால் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது. அந்நாளில் அந்த நோயாளியைத் தொடவே மருத்துவமனைகளில் பலர் அஞ்சினார்கள். வீடு வெளியே தள்ளியது. ஊர் ஒழுக்கம் கெட்டவர் என்று முத்திரை குத்தியது. கணவனைத் தவிர வேறு ஆண்முகம் அறியாத எத்தனையோ மனைவியருக்கு ஹலாலான நிக்காஹ்வின் வழியாகவே அந்த நோய் வந்தது என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அப்படித் திருமண உறவின் வழியே நோய்க்கு ஆளானவர்களில் ஒருவர் நாமக்கல் பகுதியைச் சேர்ந்த பி. கௌசல்யா என்னும் பெண்மணி. அவர் மறைந்து வாழவில்லை. தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்து 1998-இல் சென்னையில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு, 1997-இல், பாதிக்கப்பட்ட ஆண்களும் பெண்களும் சேர்ந்த ஓர் அகில இந்தியக் கூட்டமைப்பும் அதே சென்னையில் தோன்றியிருந்தது. அவற்றை நடத்தியவர்கள் நோயாளிகளே. மருந்தை எப்படித் தவறாமல் உண்பது, பிள்ளையிடம் எப்படிச் சொல்வது, மாமியார் வீட்டில் உரிமையை எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் பட்டவர் பட்டவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 2004-இல் அரசு மருத்துவமனைகளில் இந்நோய்க்குரிய கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. 2017-இல் நோயாளியின் சம்மதமின்றி அவர் நோயை வெளியிடுவதையும், நோயைக் காரணம் காட்டி ஒதுக்குவதையும் தடுக்கும் சட்டம் வந்தது. நோயுற்றோர் வாய் திறந்து கேட்டதற்கும் இவற்றில் பெரும் பங்குண்டு.

டாக்டர் இருக்கும்போது இன்னொரு நோயாளி எதற்கு என்று கேட்பீர்கள். ஒரே ஓர் உதாரணம் போதும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்னும் மாத்திரையைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அறியாதவர் இரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்துக்கே அடங்காத நோயாகவும் மாறும். "பயப்படாதே தம்பி, எனக்கும் அப்படித்தான் போயிற்று, அது மாத்திரையின் நிறம், நான் ஆறு மாதம் முடித்து நன்றாக இருக்கிறேன்" என்று குணமானவர் ஒருவர் சொன்னால் ஓர் உயிர் பிழைக்கும். 2021-ஆம் ஆண்டு முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் மாத்திரை பேசாது. பேச ஆள் வேண்டும்.

அந்த ஆளை நம் மஹல்லாவே தரலாம். மாதம் ஒருநாள் அஸருக்குப் பின் மத்ரஸாக் கூடத்தில் சர்க்கரை நோயாளிகள் பத்துப் பேர் உட்காரட்டும். பெண்கள் ஒரு வீட்டில் தனியே கூடட்டும். மனநோயாளியைப் பராமரிக்கும் தாய்மார்கள் நான்கு பேர் சேர்ந்தாலும் போதும். இதற்குச் சந்தா வேண்டாம், மேடை வேண்டாம். மூன்று ஒழுங்குகள் மட்டும் அவசியம்.

முதலாவது, அமானிதம். சபையில் பேசப்படுவது அமானிதம் என்பது நபிமொழி. அங்கே கேட்டதை டீக்கடையில் சொல்பவர் அமானிதத்தை மோசம் செய்தவராவார். இந்தப் பயம் நீங்கினால்தான் சாத்திய கதவு திறக்கும்.

இரண்டாவது, ஆறுதல் சொல்பவர் வைத்தியராகிவிடக் கூடாது. "என் மாத்திரையைச் சாப்பிடு", "ஊசியை நிறுத்திவிட்டு இந்த வேரைக் குடி" என்று சொல்ல எவருக்கும் அனுமதியில்லை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. ரமலானில் நோன்பு வைக்கலாமா என்பதற்கும் இதே விதிதான். தாம் எப்படிச் சமாளித்தோம் என்று சக நோயாளி சொல்லலாம். முடிவை அவரவர் மருத்துவரும் ஆலிமும் சொல்லட்டும். நோயாளிக்குக் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது.

மூன்றாவது, மறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நோயை ஊருக்கெல்லாம் பறைசாற்ற வேண்டியதில்லை. ஆனால் நிக்காஹ் பேசும்போது, வாழ வருகிறவரைப் பாதிக்கும் நோயை மறைத்துக் கட்டிவைப்பது பேணுதல் அல்ல, ஏமாற்று! ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையை மீறியதன் விலையை எத்தனை அப்பாவிப் பெண்கள் தங்கள் உடலால் கொடுத்தார்கள் என்பதை மேலே கண்டோம்.

முஃமின்கள் அனைவரும் ஓர் உடல் போன்றவர்கள். ஓர் உறுப்பு நோவுற்றால் மற்ற உறுப்புகளெல்லாம் காய்ச்சலாலும் தூக்கமின்மையாலும் அதற்குத் துணை நிற்கும் என்பது நபிமொழியின் கருத்து. எந்த உறுப்பு நோகிறது என்றே தெரியாவிட்டால் மற்ற உறுப்புகள் எப்படித் துணை நிற்கும்? எனவே நோயுற்ற சகோதரரே, சகோதரியே! உரிய இடத்தில் வாய் திறந்து சொல்லுங்கள். அது உங்கள் பொறுமையைக் குறைக்காது. நலமுள்ளவர்களே! அவர்கள் சொல்லக்கூடிய ஊராக நம் ஊரை ஆக்குங்கள். அது உங்கள் கடமை.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஒருவர் நோவை ஒருவர் தாங்கும் இதயத்தையும், ஒருவர் இரகசியத்தை ஒருவர் காக்கும் நாவையும் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.