மறவாமை மெய்யாகுமா?

நினைவு என்பது ஒரு பொருளைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது போன்றதென்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். கணினியின் நினைவகமும் அத்தகையதே என்று நாமும் நெடுநாள் நம்பியிருந்தோம். அதன் அமைப்பைப் பற்றிப் படித்த பின்னரே அந்நம்பிக்கை பிழையென்று கண்டோம். அங்கே வைத்த பொருள் வைத்தபடி இருப்பதில்லை. கணந்தோறும் கசிந்துகொண்டும், முற்றும் கசியுமுன் மீண்டும் எழுதப்பட்டுக்கொண்டும் இருப்பதையே நாம் நினைவு என்கிறோம்.

அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு என்பார் 1966-இல் இம்முறையைக் கண்டார்; 1968-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஓர் அறைக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சிறு மின்தேக்கி, அவ்வளவே. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லையேல் பூச்சியம். டிரான்சிஸ்டர் அவ்வறைக்குக் கதவு. இன்டெல் கம்பெனி 1970-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்னும் சில்லில் இத்தகைய அறைகள் 1,024 இருந்தன (அவற்றில் அறைக்கு மூன்று டிரான்சிஸ்டர்கள்). இன்றோ விரல் நகத்தளவான ஒரு சில்லில் 1,700 கோடிக்கு மேற்பட்ட அறைகள் அடங்குகின்றன. அக்கம்பெனியே 1972-இல் நம் பினாங்கில், பாயான் லெப்பாசில், தன் தொழிற்சாலையைத் திறந்தது என்பது நேயர்கள் பலரும் அறிந்த செய்தி.

கதவு எவ்வளவு இறுக மூடினாலும் மின்னூட்டம் கசியும். ஆகையால் 64 மில்லி செகண்டுக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். வெப்பம் 85 பாகை செல்சியசைக் கடந்தால் 32 மில்லி செகண்டுக்குள். குளிரிலோ கசிவு குறையும்; சில்லை உறையக் குளிர்வித்தால், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதிலிருந்த இரகசியங்களைப் படிக்கலாமென்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2008-இல் காட்டினர். படிப்பதும் ஓர் அழிவே. படித்தவுடன் அறையிலுள்ள மின்னூட்டம் சிதறிவிடுகிறது. படித்ததை அப்பொழுதே எழுதாவிடில் அது போயிற்று.

திரும்ப எழுதும் முறை யாது? நம் சிந்தனைக்கு உரியது இதுவே. அறையில் எஞ்சியிருப்பதை ஓர் உறுப்பு பாதியளவோடு ஒப்பிடுகிறது. பாதிக்குச் சற்றே மேலிருந்தால் முழு ஒன்றாக நிரப்புகிறது. சற்றே கீழிருந்தால் முழுப் பூச்சியமாக வடிக்கிறது. 'இது ஐயத்திற்குரியது' என்று எழுதிவைக்க அங்கே இடமில்லை. ஐயம் ஒரு நொடியில் உறுதியாகிறது; அவ்வுறுதி அதன்பின் செகண்டுக்குப் பதினைந்து முறைக்கு மேல் புதுப்பிக்கப்படுகிறது.

பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லையா எனில், உண்டு. சில்லை மூடும் பீங்கானில் கலந்திருந்த அணுவளவு யுரேனியமும் தோரியமும் வீசும் ஆல்ஃபா துகள்களால் பூச்சியம் ஒன்றாகவும் ஒன்று பூச்சியமாகவும் புரள்வதை 1978-இல் கண்டறிந்தார்கள். ரிச்சர்டு ஹாமிங் 1950-இல் வெளியிட்ட கணித முறையைத் தழுவி, 64 இலக்கங்களுக்கு 8 காவல் இலக்கங்கள் சேர்த்து எழுதும் வழக்கம் உண்டு. எனினும் அக்காவலர்கள், எழுதிய பின் நேர்ந்த திரிபையே அறிவர். எழுதும்பொழுதே பொய்யை எழுதினால், அப்பொய்க்கும் அதே விசுவாசத்தோடு காவல் நிற்பர்.

நிற்க. நாம் ஒரு தோட்டத்தில் கிராணி. சென்ற ஆண்டு ஒரு பெரியவர் வேலையினின்று ஓய்வு பெற்றார். பதிவேட்டின்படி அவர் சேர்ந்தது 1996. அதற்கேற்பவே உபகாரத் தொகை கணக்கிட்டோம். "என் மூத்த மக பொறந்த வருசம் பேர் பதிஞ்சேன் ஐயா, எம்பத்தாறு. அது எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். நாம் கணினியைத் திருப்பிக் காட்டினோம். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. நம் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் சாமான் அறையில் பழைய பேரேட்டைத் தேடியெடுத்தோம். மூன்றாம் இலக்கத்தைப் பூச்சி அரித்திருந்தது. எட்டு என்றும் படிக்கலாம், ஒன்பது என்றும் படிக்கலாம். முன்னிருந்த கிராணி எவரோ ஒன்பதென்று படித்துப் புதிய ஏட்டில் தெளிவாக எழுதியிருக்கிறார். அத்தெளிவையே ஆண்டுதோறும் படியெடுத்தவருள் நாமும் ஒருவர்.

இருந்ததை இருந்தபடி எழுதியவன் குற்றவாளி ஆவானா? ஆகான் என்று நம் நண்பர் ஒருவர் வாதிட்டார். ஒவ்வொரு வரியையும் ஐயுற்றால் எந்த அலுவலகமும் ஒருநாளும் நடவாது என்றார். அது உண்மையே, நாமும் மறுக்கவில்லை. ஆயினும் மின்தேக்கியின் எதிரே எவரும் வந்து நின்று, 'நீ எழுதியது தவறு' என்று சொல்வதில்லை. நம் எதிரே ஒருவர் வந்து நின்று சொன்னார். அவர் சொன்ன கணத்திலேயே, அறியாது படியெடுத்தோம் என்னும் சமாதானம் நமக்கு இல்லாமற் போயிற்று. கணினியைத் திருப்பிக் காட்டிய அச்செயல் குற்றமே என்பது நம் முடிவு.

அவர் மனைவியின் தகரப்பெட்டியில் 1987-ஆம் ஆண்டுச் சம்பளத் துண்டு ஒன்று அகப்பட்டது. நிர்வாகம் ஏற்றது, மூன்றாம் மாதம் மீதித் தொகை வந்தது. பேரேட்டின் அதே பக்கத்தில் இன்னும் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் மூவர் இப்பொழுது உயிரோடில்லை. ஏனையோரின் வீடுகளுக்கு ஞாயிறுதோறும் சென்று, பழைய துண்டுகள் உண்டா என்று கேட்டு வருகிறோம்.