கொடாததைக் கொள்ளுதல்

ஆண்ட்ராய்டு கைப்பேசியை ரூட் செய்வதும் அதில் மோட் செயலிகளை நிறுவுவதும் பெரும்பாலும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. காசு கொடுத்து வாங்கிய போன் என்னுடையது, அதில் எதை ஏற்றினாலும் அது என் விருப்பம் என்கிறார் ஒருவர். ரூட் செய்கிறவர் எல்லாருமே திருட்டுச் செயலிக்காகத்தான் செய்கிறார்கள் என்று முடிவுகட்டி, வாங்கியவரிடமிருந்தே கருவியைப் பூட்டி வைக்கின்றன சில நிறுவனங்கள். எதிரெதிராக நிற்கும் இவர்கள் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். ஒரு பொருளின்மேல் உள்ள உரிமை வேறு, அந்தப் பொருளுக்குள் வந்து இயங்கும் பிறர் உழைப்பின்மேல் உள்ள உரிமை வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், ரூட் செய்வதற்கு அறத்தின் தடை எதுவும் இல்லை என்பது தெரியும். மோட் செயலியையோ ஒவ்வொன்றாக எடுத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்கான அளவுகோல் புதிதாகத் தேட வேண்டியதல்ல: கொடுக்கப்படாததை எடுக்காதே என்று சமணமும் பௌத்தமும் வகுத்த விதி போதும். அந்த விதி இரு பக்கமும் வெட்டும் என்பதுதான் நம் விவாதங்களில் விடுபட்டுப்போகிறது.

ஆண்ட்ராய்டு லினக்ஸின்மேல் கட்டப்பட்டது. ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண் உண்டு. ஒரு செயலி மற்றதன் கோப்புகளைத் தொடாதபடி அந்த எண் வேலியாக நிற்கிறது. வேலிகள் எவையும் கட்டுப்படுத்தாத, பூஜ்யம் என்ற எண்ணுடைய பயனருக்கு யூனிக்ஸ் காலத்திலிருந்தே ரூட் என்று பெயர். கடையில் வாங்கும் கைப்பேசியில் அந்த அதிகாரம் தயாரித்தவரின் நிரல்களிடம் இருக்கிறது, வாங்கியவரிடம் இல்லை. 2008 அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியான ஜி1 விற்பனைக்கு வந்த சில வாரங்களிலேயே, விசைப்பலகையில் தட்டுவதெல்லாம் பின்னணியில் ரூட் ஆணையாகவும் ஓடும் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வழியாகவே பலர் தங்கள் கருவியின் முழு அதிகாரத்தை முதன்முதலில் கைக்கொண்டார்கள். அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது வெறும் தொழில்நுட்பச் சங்கதி அல்ல. 2009 ஜூலையில் அமேசான், விற்கும் உரிமை இல்லாத ஒருவர் ஏற்றியவை என்று காரணம் சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ நூல்களை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே தொலைவில் இருந்தபடி அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது, ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் கருவிக்குள் இறுதிச் சொல் யாருடையது என்ற கேள்விக்கு அன்று விடை கிடைத்துவிட்டது. விற்ற பிறகும் இறுதிச் சொல்லை விற்றவரே வைத்துக்கொள்வாரானால், விற்பனை பாதிதான் நடந்திருக்கிறது. மீதிப் பாதியை எடுத்துக்கொள்பவர் யாருடையதையும் எடுக்கவில்லை. அமெரிக்காவில் 2010-இலேயே, உரிமம் பெற்ற மென்பொருளை இயக்குவதற்காகக் கைப்பேசியின் பூட்டைத் திறப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் தடையிலிருந்து விலக்குப் பெற்றது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவும், 2012-இல் சேர்க்கப்பட்டபோது, பூட்டை உடைப்பதை மட்டும் குற்றமாக்கவில்லை. பிறர் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான் குற்றம் என்றது. நோக்கத்தைக் கேட்பது அறநூல்களின் வழக்கம். சட்டம் இங்கே அந்த வழியில் நடந்திருக்கிறது.

ரூட் செய்தால் பாதுகாப்புக் குறையுமே என்ற மறுப்பு உண்மையானது. சில சாம்சங் கருவிகளில் அதிகாரபூர்வமற்ற மென்பொருளை ஏற்றினால் உள்ளே ஒரு மின்னிழை எரிந்துபோகும். பிறகு பழைய மென்பொருளுக்கே திரும்பினாலும் நாக்ஸ் பாதுகாப்பு வசதிகள் மீளா. ஆனால் இந்த இழப்பு செய்தவரின் கருவியோடு நிற்கிறது. தன் பொருளுக்குத் தானே தெரிந்து ஏற்கும் ஆபத்தை மூடத்தனம் எனலாம், பாவம் என முடியாது.

மோட் செயலியில் நடப்பது வேறு. ஒருவர் எழுதிய செயலியைப் பிரித்து, பணம் கட்டப்பட்டதா என்று அது கேட்கும் இடத்தில் எப்போதும் ‘ஆம்’ என்ற விடை வரும்படி மாற்றி, மூடி, வேறொரு கையொப்பம் இட்டு வெளியிடுகிறார்கள். இதற்குச் சொல்லப்படும் நியாயங்களில் வலுவானது, யாரும் எதையும் இழக்கவில்லை என்பது. அரிசி மூட்டையை எடுத்தால் உரியவரிடம் அது இல்லாமல் போகும். நிரலைப் படியெடுத்தால் எழுதியவரிடம் அது அப்படியே இருக்கும். களவு என்றால் இடம்பெயர்ப்பது என்ற கருத்து லேசானதல்ல, பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினயபிடகத்திலேயே அதற்கு ஆதாரம் உண்டு. பிக்கு ஒருவர் களவு எண்ணத்தோடு பொருளைத் தொட்டால் ஒரு குற்றம், அசைத்தால் அதைவிடப் பெரிய குற்றம், இருந்த இடத்திலிருந்து நகர்த்தினால்தான் சங்கத்திலிருந்து நீக்கும் பாராஜிகம். படியெடுத்தலில் எதுவும் நகர்வதில்லை.

ஆனால் வினயத்தின் அதே பகுதியில் சுங்கச்சாவடி பற்றிய விதி ஒன்று வருகிறது. மலைக்கணவாயிலோ ஆற்றுத்துறையிலோ ஊர்வாயிலிலோ அரசன் சுங்கச்சாவடி வைத்திருக்கிறான். வரி செலுத்த வேண்டிய பொருளோடு உள்ளே நுழைந்த பிக்கு, ஏய்க்கும் எண்ணத்தோடு, வரி கட்டாமல் எல்லைக்கு அப்பால் இரண்டாவது காலையும் எடுத்து வைத்துவிட்டால் பாராஜிகம். அவர் கையில் இருக்கும் பொருள் அரசனுடையது அல்ல, அரசனின் கருவூலத்திலிருந்து எதுவும் நகரவில்லை. ஆயினும் களவு நிகழ்ந்துவிட்டது. செலுத்தவேண்டியதைச் செலுத்தாமல் ஒரு வாயிலைக் கடப்பதும் களவுதான் என்று, மின்னணுப் பிரதிகளைக் கனவிலும் காணாத அந்த வினய ஆசிரியர்கள் கண்டிருக்கிறார்கள். மோட் செயலி செய்வது இதுவே. கருவி என்னுடையது, அதிலுள்ள பிரதியும் என் கையில் இருக்கிறது. ஆனால் கட்டணம் கேட்கும் வாயில் ஒன்று அங்கே இருந்தது, நான் கட்டாமல் அப்பால் வந்துவிட்டேன். அரசனின் வரி நியாயமா என்று கேட்கவாவது இடமுண்டு. அரசன் அந்த மலையைப் படைக்கவில்லை. நிரல் எழுதியவர் தான் விலை கேட்கும் பொருளைத் தானே ஆக்கியவர், அவர் கோரிக்கை அரசனுடையதைவிட வலுவானது. உருவமற்ற உரிமைகளும் உரிமைகளே என்ற முடிவுக்கு வேறு மரபுகளும் தம் வழியில் வந்திருக்கின்றன. 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, நூலாசிரியர், கண்டுபிடிப்பாளர் ஆகியோரின் உரிமைகள் ஷரீஅத்தால் காக்கப்பட்டவை, அவற்றை மீறலாகாது என்று தீர்மானித்தது.

ஆண்ட்ராய்டே திறந்த மூலமாயிற்றே, எல்லாருக்கும் பொதுவானதுதானே என்பாரும் உண்டு. களவு விதி பிறந்த கதையே இதற்கு மறுமொழி. குயவர் மகனான தனியர் என்ற பிக்கு, தமக்குக் குடில் கட்ட மகத மன்னன் பிம்பிசாரனின் மரங்களை எடுத்துவிட்டார். கேட்டபோது, முடிசூடிய நாளில் புல்லும் மரமும் நீரும் துறவிகள் பயன்படுத்தலாம் என்று நீங்களே அறிவித்தீர்களே என்றார். உரிமையாளர் இல்லாத காட்டுப் பொருள்களைப் பற்றி, சிறு பிழைக்கும் அஞ்சும் துறவிகளுக்குச் சொன்னது அது என்றான் மன்னன். லினக்ஸும் ஆண்ட்ராய்டின் அடித்தளமும் திறந்து கொடுக்கப்பட்டவை. கொடுத்தவர்கள் தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதன்மேல் ஏறி ஓடும் ஒரு கட்டணச் செயலியை அவர்கள் கொடுக்கவில்லை. ஒருவரின் கொடையை இன்னொருவரின் பொருளுக்கு நீட்டிக்க யாராலும் முடியாது. இவை துறவிகளுக்கான விதிகள், நமக்கெதற்கு என்றும் தள்ளிவிட இயலாது. கொடாததைக் கொள்ளாமை இல்லறத்தார் ஏற்கும் ஐந்து சீலங்களிலும் உண்டு. திருக்குறளில் கள்ளாமை துறவறவியலில் இருந்தாலும், பிறர் பொருளை விரும்பாமையைப் பேசும் வெஃகாமை இல்லறவியலில் இருக்கிறது.

வறுமையை முன்வைக்கும் மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. டாலரில் வாழ்பவரை நினைத்து வைத்த விலை, திண்டிவனத்து மாணவிக்கு ஒரு வார உணவுச் செலவாக இருக்கலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், உயிர்போகும் தேவையில் பிறர் பொருளை எடுப்பது களவே ஆகாது என்று வாதிட்டார். அந்தத் தேவையின் முன் உடைமை மீண்டும் பொதுவாகிவிடுகிறது என்பது அவர் கருத்து. இதை நான் ஏற்கிறேன். பார்வையற்றவர் ஒருவர் தம் கைப்பேசியைப் பயன்படுத்தத் தேவையான ஒரு கருவி விலைக்கு மட்டுமே கிடைக்கிறது, வேறு வழியே இல்லை என்றால், அங்கே அக்குவினாஸின் வாதம் நிற்கும். ஆனால் மோட் செயலிகளாகச் சுற்றிவருபவற்றில் பெரும்பகுதி விளையாட்டுக் காசுகளும், புகைப்பட அலங்காரங்களும், பாட்டுச் சந்தாக்களும். இவை இல்லாமல் யாரும் வாடுவதில்லை. வறுமையின் பெயரால் இவற்றைக் கேட்பது உண்மையான வறுமையின் வழக்கைப் பலவீனப்படுத்துகிறது. எப்படியும் வாங்கியிருக்க மாட்டேன், ஆகவே இழப்பு இல்லை என்பதும் இதே வகை. வாங்கமாட்டாதவர் வாயிலுக்கு வெளியே நிற்கவேண்டியவர். உள்ளே வந்துவிட்டு, காசு இருந்திருந்தாலும் தந்திருக்கமாட்டேன் என்பது பதிலாகாது.

இதுவரை சொன்னது செயலி எழுதுபவர்களுக்குச் சாதகமாகத் தோன்றலாம். கொடாததைக் கொள்ளாதே என்பது அவர்களுக்கும் விதி என்பதை மறந்தால்தான் அப்படித் தோன்றும். டார்ச் விளக்குச் செயலி ஒன்று தொடர்புப் பட்டியலைக் கேட்கிறது. ஒப்புக்கொள்கிறேன் என்ற பொத்தானை அழுத்தாமல் உள்ளே போக முடியாதபடி வைத்து, யாரும் படிக்காத நீண்ட விதிகளுக்குள், நாம் போகுமிடமும் பழகும் ஆட்களும் தூங்கும் நேரமும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இதைக் கொடை என்று எந்த அறநூலும் ஏற்காது. கொடுக்கிறவருக்குத் தாம் என்ன கொடுக்கிறோம் என்றே தெரியாதபோது அங்கே கொடுத்தல் நிகழவில்லை. கட்டணச் செயலியின் விலை மறைந்திருப்பதில்லை, திரையில் எண்ணாக நிற்கிறது, அதைத் தெரிந்தே ஏய்க்கிறோம். தரவு எடுப்பதோ மறைந்திருக்கிறது. எனவே ரூட் செய்த கைப்பேசியில், உளவு பார்க்கும் பகுதியை மட்டும் செயலிழக்கச் செய்யும் மாற்றம் களவு அல்ல, களவைத் தடுத்தல். நிறுவனம் கைவிட்ட செயலியைப் புதிய ஆண்ட்ராய்டில் ஓடவைப்பதும், விலைகொடுத்து வாங்கிய செயலியில் எழுத்தைப் பெரிதாக்குவதும் அப்படியே. சொந்தப் பயன்பாட்டுக்கு, லாப நோக்கமின்றி, முறையாகப் பெற்ற பிரதியை மாற்றியமைக்க இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் இடம் தருகிறது.

விளம்பரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. யூடியூப் விளம்பரங்களை நீக்கித் தந்த வான்ஸ்ட் செயலி, கூகுளின் சட்ட நெருக்கடியால் 2022 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதைப் பயன்படுத்திய பலருக்கு இன்றும் அது அநீதியாகவே படுகிறது. விளம்பரத்தின்போது கண்ணைத் திருப்பிக்கொள்வது யாருடைய உரிமையையும் மீறுவதல்ல, என் கவனம் என்னுடையது. ஆனால் விளம்பரத்தைப் பார் அல்லது சந்தா கட்டு என்று கொடுப்பவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்ட பிறகு அதுவும் ஒரு வாயில்தான். இங்கேயும் வினயம் ஒரு நுண்மையைக் காட்டுகிறது: சாவடிக்குள் நுழைந்து ஏய்ப்பது பாராஜிகம், சாவடியைச் சுற்றிக்கொண்டு போவது சிறு குற்றம். விளம்பரத்தைத் தடுப்பதை நான் அந்தச் சிறு குற்றத்தின் வரிசையில் வைப்பேன். குற்றமே இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. சந்தா வசதிகளையே திறந்துவிடும் மோட்களோடு சேர்த்து எண்ணவும் மனமில்லை.

தீங்கு பிறரைச் சேரும் இடமும் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள், எஃப்எம் வாட்ஸ்அப் என்ற மோட் செயலியின் ஒரு பதிப்பில் டிரையாடா என்ற தீநிரல் இருப்பதைக் கண்டறிந்தார்கள். அது வேறு தீநிரல்களை இறக்கவும், உரியவர் அறியாமல் கட்டணச் சந்தாக்களில் சேர்க்கவும் வல்லது. ரூட் செய்த கைப்பேசியில் இப்படியொரு செயலிக்கு ரூட் அதிகாரமும் தரப்பட்டால் முன்சொன்ன வேலிகள் எவையும் நிற்காது. உரையாடல் செயலியில் ஒருவர் ஏற்கும் ஆபத்து அவரோடு முடிவதுமில்லை. அவருக்குச் செய்தி அனுப்பும் தாயும் நண்பரும், தங்கள் சொற்கள் அறியாத கைகளின் வழியே போவதற்கு ஒப்புதல் தரவில்லை. தன் கருவி, தன் ஆபத்து என்ற வாதம் இந்த இடத்தில் செல்லாது.

எஞ்சுவது மறைத்தல். வங்கிச் செயலிகளும் பணம் அனுப்பும் செயலிகளும் பல, கருவி ரூட் செய்யப்பட்டதா என்று கேட்டறிந்து, ஆம் என்றால் இயங்க மறுக்கின்றன. கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனை இதற்கெனவே இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பொய் விடை தரும் தொகுதிகளும் உண்டு. ரூட் செய்வோர் பரவலாகப் பயன்படுத்தும் மாஜிஸ்க்கில் இருந்த அத்தகைய வசதி, அதை உருவாக்கிய ஜான் வூ கூகுளில் சேர்ந்தபின், 2022-இல் நீக்கப்பட்டது. பிறர் எழுதிய தொகுதிகள் அந்த வேலையைத் தொடர்கின்றன. கேட்பவர் கொலைகாரனே ஆனாலும் பொய் சொல்லலாகாது என்றார் இமானுவேல் காண்ட், 1797-இல். உண்மையை அறிய உரிமை உள்ளவருக்கு மட்டுமே உண்மை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று அவருக்கு எதிராக வாதிட்டிருந்தார் பெஞ்சமின் கான்ஸ்டன்ட். நான் கான்ஸ்டன்ட் பக்கம். ஒரு விளையாட்டுச் செயலிக்கோ உணவு விற்கும் செயலிக்கோ என் கருவியின் உள்ளமைப்பை அறியும் உரிமை இல்லை, அங்கே மறைப்பது பொய்யின் குற்றத்தைச் சேராது. வங்கியின் நிலை வேறு. மோசடி நடந்தால் இழப்பில் பங்கேற்க வேண்டியவர் என்ற முறையில், ஆபத்தின் அளவை அறிய அதற்கு உரிமை உண்டு. அதே வேளையில், பணப் பரிமாற்றம் முழுவதும் கைப்பேசிக்கு மாறிவிட்ட நாட்டில், தன் கருவியைத் தானே ஆள்பவரை மொத்தமாக வெளியே நிறுத்தும் வங்கி, இணையதளம் வழியாகவோ கிளை வழியாகவோ அவருக்கு முழுச் சேவையைத் தரக் கடமைப்பட்டது. அந்த வழி இருந்தும் ரூட்டை மறைத்துச் செயலியைப் பயன்படுத்துபவர், அதன் காரணமாகப் பணம் பறிபோனால் வங்கியிடம் ஈடு கேட்கும் உரிமையை இழந்துவிடுகிறார்.